புஞ்சையில் புதைத்த குப்பி

வலி தொடங்கிய காலையில் நான் திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தேன். அறுவடை மெஷின் ஓட்டுவது என் தொழில். எங்கே கதிர் முற்றுகிறதோ அங்கே போவேன். தஞ்சாவூர், நெல்லூர், சில வருடம் ராய்ச்சூர் வரை. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் மூன்று மாதம் இருந்ததில்லை.

முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலித்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். மத்தியானத்துக்குள் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. பிரேக்கை மிதிக்க வலது காலைத் தூக்க முடியவில்லை. டவுன் பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்தேன்.

சின்ன ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குடல்வால் (பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல்போல் தொங்கும் சிறு குழாய்) வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார். பனவடலிசத்திரத்தில் விவசாயம் பார்க்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட அவள்தான் வந்தாள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம். எடுத்த குடல்வாலை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, சீட்டு வைத்து, பையில் கட்டி, திருநெல்வேலியில் உள்ள லேபில் கொடுக்கச் சொல்லி நர்ஸ் என் அக்காவிடம் தந்திருக்கிறார். நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்த பிறகும் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வலி போனால் போதும் என்றிருந்தது.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். துணிப்பையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அன்று சாயங்காலமே நெல்லூருக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

"பயாப்சி ரிப்போர்ட் எங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். பயாப்சி என்றால் எடுத்த சதையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அந்தக் குப்பிய லேப்ல குடுத்தீங்களா, இல்லையா?"

"குடுக்கலம்மா. எங்க புஞ்சையில பொதைச்சிட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "குப்பியோடயா?"

"குப்பியோடதான்."

"மூடியத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குத் தொறக்கேன்? பார்த்தாலே கொமட்டிக்கிட்டு வருது."

"அந்த மட்டுக்கும் நல்லது. இப்பவே போய்த் தோண்டி எடுத்துட்டு வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "குடல்வால் நுனியில மஞ்சளா ஒரு முடிச்சு பார்த்தேன். அது என்னன்னு தெரியாம உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன்."

பஸ்ஸில் அக்காவிடம் கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"என் தொப்புள்கொடிய அம்மா வீட்டுப் பொறவாசல்ல பொதைச்சா. நீ ஆஸ்பத்திரியில பெறந்தே, ஒன் கொடிய எங்க போட்டாவன்னே தெரியாது. அதான் ஒனக்கு ஒரு எடத்துல கால் தரிக்கல. இதையாவது நம்ம மண்ணுல போட்டா இங்கன கெடப்பியேன்னு நெனைச்சேன்லே."



புஞ்சைக்குப் போனால், மக்காச்சோளம் எடுத்த கையோடு அத்தான் டிராக்டர் விட்டு உழுது போட்டிருந்தார். அக்கா வைத்த அடையாளக் கல்லைக் காணோம். கரிசல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிடந்தது. அக்கா கை காட்டிய இடமெல்லாம் அத்தான் மம்பட்டியால் தோண்டினார். குனியக் கூடாது என்பதால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

"மாப்ள, அப்பன் சொத்துல ஒரு செண்டு வாங்காதவன் நீ. இப்பம் ஒன் கொடலுக்கு என் புஞ்சையில பட்டா போட்டுட்டாளே ஒன் அக்கா!"

"தோண்டுங்க, பேசாம. மம்பட்டி குப்பியில பட்டுறப் போவுது."

ஐந்தாவது குழியில் பை தட்டுப்பட்டது. முழங்கை ஆழத்தில் கிடந்ததால் கலப்பை படவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. ஃபார்மலின் (சதை அழுகாமல் காக்கும் மருந்துத் தண்ணீர்) ஒரு சொட்டும் வடியவில்லை. கழுவித் துடைத்து நானே மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. நியூரோ எண்டோகிரைன் கட்டி. நரம்பு போலவும் சுரப்பி போலவும் வேலை செய்யும் செல்களில் வருவது, மெதுவாக வளரும் ஒரு வகைப் புற்று. ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் குடல்வாலை எடுத்ததோடு முடிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. எனக்கு இரண்டைத் தாண்டியிருந்தது.

திருநெல்வேலியில் இரண்டாவது ஆபரேஷன். வலப்பக்கப் பெருங்குடலையும் அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் (கிருமியையும் கழிவையும் வடிகட்டும் சிறு உருண்டைகள்) எடுத்தார்கள். ஒரு முடிச்சில் அந்தச் செல்கள் இருந்தன. அன்று நெல்லூருக்கு வண்டி ஏறியிருந்தால் அவை எனக்குள்ளேயே இருந்திருக்கும். கீமோ தேவைப்படவில்லை. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று என்றார்கள்.

இதே நோய் வந்தவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். குடல்வால் எடுத்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். குப்பியை உங்கள் கையில் தந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் கேட்கவில்லை.

குடலை வெட்டிய பிறகு முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வெளிக்குப் போகும். பிறகு குறையும். எனக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் புது ஊரில் இறங்கினால் முன்பு டீக்கடையைத் தேடுவேன், இப்போது கழிப்பறையைத் தேடுகிறேன். மெஷின் குலுங்கும்போது கை தானாகத் தழும்புக்குப் போகிறது. உள்ளே இவ்வளவு சாமான் இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது.

போன மாதம் வருட ஸ்கேன். நெல்லூரில் பாதி அறுத்த வயலில் மெஷினை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். படம் சுத்தமாக இருந்தது. அடுத்த வருடத் தேதியைச் சீட்டில் எழுதித் தந்தார்கள். வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவள், "அப்பம் அடுத்த வருசம் என்னைக்கு வாரே? சொல்லு, காலண்டர்ல எழுதிப் போடுதேன்" என்றாள்.

"அடுத்த வருசக் காலண்டர் இன்னும் அடிக்கவே இல்லையே, யக்கா."

"செவுத்துல எழுதுதேன். நீ சொல்லு."

சீட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்று யாருக்காவது சொன்னது அதுதான் முதல் தடவை.