மூன்றாம் அதிகாரத்துக்குப் பதினோரு நிமிடம்

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை லூக்கா சுவிசேஷத்தை ஒரே அமர்வில் வாசித்து முடிப்பார்கள். ஒரே அமர்வு என்பது பேச்சுக்குத்தான். நடுவில் ஆறு கீர்த்தனைகள் உண்டு, ஒரு டீ உண்டு, மைக் கீச்சிடுவது உண்டு, "இப்ப யாரு, நானா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கண்ணாடியைத் தேடுவதும் உண்டு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தொடங்குவோம். இருபத்துநான்கு அதிகாரங்கள், அதிகாரத்துக்கு ஒருவர்.

கேம்ப் என்கிற ராணுவப் பகுதியில் இருந்த அந்தக் கல் கோயில் எங்களுடையது மட்டுமல்ல. காலையில் ஆங்கிலச் சபை, மதியம் நாங்கள், மாலை ஐந்து மணிக்கு மராத்திச் சபை. சாவி மராத்திச் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் இருந்தது. எனக்குப் பத்து வயதானபோது வாசிப்பு இருபத்தைந்து நிமிடம் நீண்டுவிட்டது. மராத்திப் பாடகர் குழு வெயிலில் பாட்டுப் புத்தகங்களைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. சபையின் செயலாளராக இருந்த என் அப்பா வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்தார். மறுவாரம் மராத்திச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அடுத்த முறையும் இப்படி ஆனால் சனிக்கிழமைகளில் கோயிலைத் தர இயலாது என்று அதில் எழுதியிருந்தது.

அதனால் அடுத்த லெந்து நோன்புக் காலத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீதான் எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடுவியே, இதுக்கு ஒண்ணு போடு. அஞ்சு மணின்னா அஞ்சு மணி. ஒரு நிமிசம் தாண்டுனாலும் அந்தப் பெரியவர் சாவியக் குலுக்கிட்டு வந்து நிப்பாரு. எனக்கு மானமே போயிரும்."

அவர் சொன்னது உண்மை. நான் எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தேன். எங்கள் ஏரவாடாச் சந்தின் நாய்களுக்குக்கூட ஒன்று இருந்தது: நிறம், காது, கடிக்குமா கடிக்காதா. முந்தைய ஆண்டு யார் யார் எத்தனை நிமிடம் வாசித்தார்கள் என்பதையும் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்திருந்தேன். யாரும் கேட்காமல் செய்த வேலை அது. அதில் மூன்றாம் அதிகாரத்துக்கு நேராகப் பதினோரு நிமிடம் என்று இருந்தது. அதே அளவுள்ள மற்ற அதிகாரங்கள் ஐந்து, மிஞ்சினால் ஆறு.

மூன்றாம் அதிகாரம் சித்தப்பாவுடையது.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். இரண்டு அறை வீட்டில் முன்னறையில் அவருடைய பாய், ஜன்னலில் அவருடைய சவரக் கண்ணாடி. தெருக்கோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவருக்குத் திக்குவாய். கடையில் ப்ரெட் என்று கேட்க வராமல் கண்ணாடிப் பெட்டிக்குள் விரலைக் காட்டி வாங்கி வருவார். பஸ்ஸில் தான் இறங்கவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்ல முடியாமல், வாயில் வருகிற வேறொரு நிறுத்தத்தைச் சொல்லி டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி நடந்து வருவார். இது எனக்குத் தெரியும். வேடிக்கையாக இருந்தது என்று எழுதவும் வேண்டியிருக்கிறது.

அவர் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மைக் முன்னால் போய் நின்றார். மூன்றாம் அதிகாரத்தின் பின்பாதி முழுக்கப் பெயர்கள். இன்னார் இன்னாருடைய குமாரன் என்று பின்னோக்கிப் பின்னோக்கி ஆதாம் வரைக்கும் போகும். எழுபதுக்கு மேல் வரும். வாயில் நுழையாத பெயர்கள் என்று எல்லோரும் ஒதுங்கிய அதிகாரத்தை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். தாடை இறுகும், கண் மூடிக்கொள்ளும். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அத்தை அந்த வசனத்தைத் தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்குவார். அத்தை எங்களுக்கு உறவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ், சபையில் எல்லோருக்கும் அத்தை. அவர் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிறகு முன்வரிசை, பிறகு பின்வரிசை. பெயர்கள் தொடங்கும்போது கோயில் முழுவதும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு 'குமாரன்' வரும்போதும் தூங்கி வழிகிறவர்கூட வாயைத் திறப்பார்.

எனக்கு அது ஒழுங்கில்லாத இரைச்சலாகத்தான் கேட்டது.

வாசிப்பு நீண்டுபோன அந்த ஆண்டு, சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு சாஃப்ட்வேர் குடும்பம் சபையில் சேர்ந்திருந்தது. அவர்களுடைய பெண் என் வகுப்பு. பேனா மூடியில் ஒரு குட்டிக் கரடி வைத்திருந்தாள். அவளோடு நட்பாவதே அந்த வருடத்தின் என் பெரிய திட்டம். மூன்றாம் அதிகாரம் நடந்துகொண்டிருந்தபோது அவள் என் காதில் கேட்டாள்:

"ஏன் எல்லாரும் சேந்து சொல்றாங்க? அந்த அங்கிளுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியல" என்றேன்.

"யாரு அது?"

"தெரியல."

அன்று வீட்டுக்குப் போகும்போது அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டேன். சித்தப்பாவோடு பஸ்ஸில் வரவில்லை.

ஆகவே அட்டவணை போட உட்கார்ந்தபோது என் பென்சில் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். அடுத்து வாசிப்பவர் முன்வரிசையில் வந்து தயாராக உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் குறையும். கீர்த்தனைகளில் இரண்டு சரணம் போதும் என்றால் இன்னொரு இருபது நிமிடம் குறையும். சித்தப்பாவின் பதினோரு நிமிடத்தைச் சேர்த்தே கூட்டினேன். வாசிப்பு நாலே முக்காலுக்கு முன்பே முடிந்துவிட்டது. மறுபடி கூட்டினேன். மறுபடியும் முடிந்துவிட்டது.

கணக்கு எனக்கு உதவவில்லை. எனவே 'முடியும் நேரம்' என்ற கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். மூன்றாம் அதிகாரத்துக்கு நேராக என் பெயரை எழுதினேன். எனக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வரும். எங்கள் சபைப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து வாசித்த காலம் அது. அட்டவணைக்கு அடியில் மூன்று விதிகளையும் சேர்த்தேன். மூன்றாவது விதி: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அமைதியாகக் கேட்க வேண்டும்.

அப்பா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு அவன்லா வாசிப்பான்?"

"சித்தப்பா வேண்டாம்னுட்டாங்க."

"அவனா? வாயத் தொறந்து சொன்னானா?"

"தலைய ஆட்டுனாங்க."

அப்பா தாளை என்னிடம் திருப்பித் தந்தார். "சரி. அவன் இஷ்டம். நாம போட்டு நோண்டக் கூடாது" என்றார்.

சித்தப்பா பட்டறையிலிருந்து வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்து, அதன்பிறகே தாளை ஓரமாகப் பிடித்து வாங்கினார். வரைபடங்களைப் பார்த்துப் பழகிய ஆள், கட்டம் போட்ட தாளுக்கு மரியாதை கொடுப்பார். மேலிருந்து கீழே பார்த்தார்.

"எ... எனக்கு?"

"நேரம் இல்ல சித்தப்பா. அப்பாதான் சொன்னாங்க."

அவருடைய கட்டைவிரல் நிமிடங்களின் வரிசையில் மெதுவாக இறங்கியது. கடைசியில் காலியாக இருந்த கட்டத்தில் நின்றது.

"கூ... கூட்டிப் பாத்தியா?"

"பாத்தாச்சு."

"ச... சரி பாப்பா."

எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது. வாசிப்பவர்களுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது என்று அட்டை காட்டும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். ரொம்ப முக்கியமான வேலை என்றும் சொன்னேன். இரண்டு நாளில் அட்டை வந்தது. தகடு போலக் கெட்டியான அட்டையில் சிவப்பு பெயிண்டால் '1 நிமிடம்' என்று எழுதி, கீழே மரக் கைப்பிடி வைத்து, விரலில் கீறாமல் இருக்க விளிம்பு முழுவதையும் தேய்த்து மழுக்கியிருந்தார். இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, திருப்பிப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று சைகையால் காட்டினார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வாசிப்பு அன்று எல்லாம் தாளில் போட்டபடி நடந்தது. சித்தப்பா முன்வரிசையின் ஓரத்தில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் இஸ்திரி போட்ட பாவாடையோடு மைக் முன்னால் போய் நின்று மூன்றாம் அதிகாரத்தைத் தொடங்கினேன். சென்னைப் பெண் இரண்டாவது வரிசை. பேனா மூடிக் கரடி அவள் கையில் இருந்தது.

பெயர்கள் தொடங்கின. பத்துப் பன்னிரண்டு பெயர் தாண்டியிருப்பேன். மூன்றாவது வரிசையில் அத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். பழக்கம். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். 'குமாரன்' என்று கோயிலின் நடுவிலிருந்து ஒரு அலை வந்தது. அதற்கிடையில், மிக அருகில், ஓர் ஆண் குரல். கனமான, தெளிவான குரல். ஒரு பெயரையும் விடாமல், எங்கும் நிற்காமல் என்னோடு வந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாசிப்பை நிறுத்தி, மைக்கில் சொன்னேன்:

"ரூல் நம்பர் மூணு. ப்ளீஸ்."

சிலர் செல்லமாகச் சிரித்தார்கள். பிறகு அமைதி. மீதிப் பெயர்களை நான் தனியாக, மூச்சு வாங்காமல் ஆதாம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நாலே நிமிடம். இறங்கி வரும்போது சித்தப்பா அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை எனக்குக் காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லும் அதிகாரம் சாயங்காலத்தில் வந்தது. அதை யார் வாசித்தார்கள் என்று நினைவில்லை. நான் அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு முப்பத்தைந்துக்கு லூக்கா முடிந்தது. அதன்பிறகு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போதகர் ஒரு ஜெபம் செய்தார். இன்னும் நேரம் இருந்தது. இன்னொன்று செய்தார். சாவிக்காரப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஜாலா? இத்க்யா லவ்கர்?" என்றார். முடிந்துவிட்டதா, இவ்வளவு சீக்கிரமா என்று அவர் வியந்தது அப்பாவுக்கு ஒரு பதக்கம்.

"போன வருசம் இருபத்தஞ்சு நிமிசம் லேட்டு. இந்த வருசம் இருபத்தஞ்சு மிச்சம்!" என்று என் தோளைத் தட்டினார். பக்கத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேண்டாம் என்றவனை வற்புறுத்தவில்லை என்று அப்பா நினைத்திருப்பார். நேரமில்லை என்று சொன்ன அண்ணனிடம் கேட்கக் கூடாது என்று சித்தப்பா நினைத்திருப்பார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்த அத்தை என் கையில் டம்ளரைக் கொடுத்து, "ஏளா, இந்த வருசம் எங்க ஒருத்தரையும் வாயத் தொறக்க விடலியே நீ" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அட்டவணையின் காலிக் கட்டத்தில் 4.35 என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டேன்.

அடுத்த ஆண்டு சித்தப்பாவின் பெயரை மூன்றாம் அதிகாரத்தில் நானாகவே திரும்ப எழுதினேன். கரடிக்காரி வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள், அதனால் அது பெரிய தியாகமில்லை. சித்தப்பா தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஆணியில் தொங்கிய அட்டையைக் காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அட்டை பிடித்தார். நான் அப்பாவிடம் சொன்ன பொய் மட்டும் அப்படி உண்மையாகிவிட்டது. இரண்டும் பொய் என்பதை இருவரிடமும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பொறியியல் படிக்கும்போது ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். ஞாயிறு ஆராதனையில் சித்தப்பாவின் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் ஒன்றாகச் சொல்லத் தொடங்கியபோது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடங்கள் அவர் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாகக் கேட்க நேர்ந்தது. என் இடது தோளுக்கு மேலே ஒரு குரல், கனமாக, தெளிவாக, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் எங்கும் நிற்காமல் போனது. ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் சித்தப்பா அடுத்த பாட்டின் எண்ணை எனக்குச் சொல்ல வந்தார். 'நூ' என்பதிலேயே நின்றது. புத்தகத்தைத் திறந்து விரலால் காட்டினார்.

இப்போது ஊருக்கு வெளியே சாகணில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணைகள் போடுவதுதான் என் வேலை. கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பிவிடுகிறேன். காலிக் கட்டத்தில் நின்ற அந்தக் கட்டைவிரல், பட்டறையில் நாள் முழுக்க அளவுகளைக் கூட்டிக் கழித்தவரின் விரல் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பதினோரு வயதில் மைக் முன்னால் நின்றபோது, அத்தனை அருகில் கேட்ட அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. விதியை மீறுகிற யாரோ ஒருவர் என்று நினைத்தேன்.