பட்டினிக்குப் பிறகு வந்த சாப்பாடு

வாளி அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள். அங்கே கேன்டீனில் சமைப்பதும் பரிமாறுவதும் அவள்தான். குழம்பு வாளியோடு வருவாள்; போதும் என்று தட்டுக்கு மேல் கையை வைத்தால் விரலிடுக்கில் குழம்பை ஊற்றிவிட்டுப் போவாள். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஆளாக்கியது தம்பி ஒருவனைத்தான்.

தம்பி பூட்டு ரிப்பேர் செய்பவன். மனைவி இறந்தபின் கடையைத் திறக்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் வெறும் டீயிலேயே கிடந்திருக்கிறான். விஷயம் தெரிந்து அக்கா போய்த் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் இருந்தான்.

அன்றே சோறு, முட்டை, கறி, சர்க்கரை அள்ளிப்போட்ட பால் என்று ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்து வீடு. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். மறுநாள் எட்டிப் பார்த்தேன்.

"இவ்வளவு குடுக்காதடி. டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் பாத்துட்டு, அளவாத்தான் ஆரம்பிக்கணும்."

"எலும்பை எண்ணலாம் போல இருக்கான், இவனுக்கு அளவா? கண்ணு வைக்காதீங்க பெரியம்மா."

"விடுங்க பெரியம்மா," என்றான் தம்பி, வாய் நிறையச் சோற்றோடு. "நான் சாப்பிடலேன்னா இவ சாப்பிட மாட்டா."

சாப்பாடு நின்றால் உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொண்டு, கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைக்கும். பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகளின் இருப்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டே போகும். அந்த நிலையில் சோறும் சர்க்கரையும் மொத்தமாக இறங்கினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும்.

அடுத்த நாள் அவன் பாதங்கள் வீங்கின. டம்ளரைத் தூக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாடி தாறுமாறாக ஓடுவதாக டாக்டர் சொன்னார்.

வராந்தாவில் அவள் கேட்டாள்: "நான் போட்ட சோறா பெரியம்மா?"

"ஆமா. பட்டினி பாதி, உன் அவசரம் பாதி."

அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

சில நாட்கள் ஊசி வழியாக உப்புகளை ஏற்றியபின், ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சிக்கு டாக்டர் சம்மதித்தார். அவளே ஊட்டினாள். கிண்ணம் காலியானதும் அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டி மறுத்தேன். கட்டிலருகே இருந்த திரையில் இதயத் துடிப்பின் கோடு இன்னும் சீராகவில்லை.

"நாளைக்குத்தாண்டா," என்றாள். அவன் வாயை மூடவில்லை. அவள் துணியை எடுத்து அவன் உதட்டைத் துடைத்துவிட்டாள்.