மல்லாட்டை வண்டிகளில் என் குரல்

பாட்டுத் திருட்டுக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து சண்டை போடுவதை நான் விரும்பிப் பார்ப்பேன். காசு கொடுக்காமல் பாட்டை இறக்குகிறவனை ஜெயிலில் போட வேண்டும் என்பார் ஒருவர். இசை என்பது காற்று, காற்றுக்கு யாரும் வேலி போட முடியாது என்பார் மற்றவர். இரண்டு பேருடைய பாட்டையும் இதுவரை எவனும் திருடியதில்லை. அதனால்தான் இத்தனை தெளிவாகப் பேச வருகிறது. என்னுடையதைத் திருடினார்கள். ஆகவே இந்த விஷயத்தில் பேசத் தகுதியான ஆள், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான்தான்.

என்னைத் தெரியாதவர்கள் திருவண்ணாமலையில் குறைவு. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். கிரிவலம் போகிற செங்கம் ரோட்டில் எம லிங்கக் கோயிலைத் தாண்டியதும் வேப்பமரத்தடியில் ஓர் அடுப்பு எரியும். அது என் அடுப்பு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சாக்கு மல்லாட்டையோடு பஸ் ஏறி வந்தவன், இன்று சொந்த வீட்டில் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லாம் அண்ணாமலையார் கொடுத்தது என்று என் மனைவி சொல்வாள். அவர் கொடுத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் மணலைச் சலித்ததும், கொதிக்கிற மணலில் மல்லாட்டையைப் புரட்டியதும் நான்தானே? அதையும் அவரே செய்திருந்தால் என் முழங்கை முடி கருகியிருக்காது.

பல வருஷம் வாயால் கூவித்தான் விற்றேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் ஒரு குரல் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் சும்மா கூவினால் போதாது, பாட வேண்டும். நானே கட்டினேன் ஒரு பாட்டு:

சூடா வறுத்த மல்லாட்டை, சொத்தை இல்லா மல்லாட்டை,
பல்லு போன தாத்தாவும் பதமா மெல்லும் மல்லாட்டை!

எழுதி வைத்துக் கட்டியதில்லை. எழுதத் தெரிந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

தொண்டை கட்ட ஆரம்பித்தபோது, எல்லா வண்டிக்காரர்களையும் போல நானும் பேசும் பெட்டிக்கு மாறினேன். குரலைப் பதிவு செய்து, பென் டிரைவில் ஏற்றி, ஸ்பீக்கர் பெட்டியில் செருகிவிட்டால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் இதற்கென்றே ஒருவன் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கிறான். வாழைப்பழம், பழைய இரும்பு, பினாயில் என்று ஊரில் எது கூவினாலும் அவன் கடையில் பிறந்த குரல்தான். நான் பாடும்போது மனைவியும் உடன் வந்திருந்தாள். ‘பல்லு போன தாத்தாவும்’ என்று நான் இழுத்த இடத்தில் என் பல்செட் நழுவி, நான் அதை நாக்கால் பிடித்துத் தள்ள, அவள் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை. தகர டப்பாவில் மல்லாட்டையைக் கொட்டினால் வருமே, அப்படி ஒரு சிரிப்பு. ‘தலைவரே, இது இருக்கட்டும், இதுதான் டாப்பு’ என்று கடைக்காரன் அதையும் சேர்த்துவிட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றவர்கள்தான் ஜாஸ்தி. ஆனால் பாட்டு என்னுடையது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெட்டியைப் போட்டதும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். நாள் பூராவும் ஒரே பாட்டைக் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். வாடிக்கைக்காரர் விரலைக் காட்டினால் ஒன்றா இரண்டா என்று புரிந்துகொள்வோம். இந்த ஊரில் எந்த வண்டிக்காரனுக்கும் தன் பெட்டி என்ன சொல்கிறது என்று தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபே. அதன் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து அமைதி தேடி வந்து, அமைதி கிடைக்காமல் காபிக் கடை போட்டவர். வெள்ளைக்காரர்கள் அங்கே என் மல்லாட்டையைக் கேரட் துருவலோடு கலந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள். கண்ணை மூடி ருசிக்கிற அளவுக்கு வறுக்கிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். தினமும் காலையில் அவர் ஆள் வந்து வாங்கிப் போவான். ஒரு நாள் ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானே நடந்து போய்க் கேட்டேன்.

‘ஐயா, உங்க மேல எவ்ளோ மரியாதை வெச்சிருந்தேன். முந்தாநாள் சரக்கு பத்தலைன்னு பஸ் ஸ்டாண்டு கிட்ட உங்க வண்டில வாங்கினேங்க. பூஞ்சை நாத்தம். ஒரு அம்மா வாந்தியே எடுத்துட்டாங்க.’

‘பஸ் ஸ்டாண்டுல எனக்கு ஏதுங்க வண்டி?’

‘உங்க குரல்தானுங்க. அம்மா சிரிப்பு கூட அதேதான்.’

‘என் குரல் இருந்தா அது என் மல்லாட்டையா?’

‘பின்ன வேற யாருதா இருக்கும்?’ என்றார் அவர். படித்தவர் கேட்கிற கேள்வி.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒருவன் என் குரலில் கூவிக்கொண்டிருந்தான். பெரிய தெருவில் ஒருவன். ராஜகோபுரத்துக்கு எதிரே இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு பெட்டியில் நான் பாடி முடிக்க, இன்னொன்றில் மனைவி சிரித்தாள். ஒருவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி உடைத்துப் பார்த்தேன். உள்ளே பருப்பு கருத்து, கசந்து, தொட்டால் பிசுபிசுத்தது. அந்தக் கசப்பை வாங்கச் சொல்லி என் வாய்தான் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பணம் போனால் சம்பாதிப்பேன். ‘அந்தக் கிழவன் மல்லாட்டையா, வேணாம்பா’ என்று ஊர் சொல்ல ஆரம்பித்தால் போன பேரை எங்கே போய் வாங்குவது?

ரெக்கார்டிங் கடைக்காரன் முகத்தில் கூச்சம் கிடையாது.

‘தலைவரே, நான் உங்களைப் பரப்புறேன். காசு குடுத்தாலும் கிடைக்காத வெளம்பரம்.’

‘என் குரலைக் கேக்காம வித்துருக்கியே!’

‘குரல் அப்படியே உங்க கிட்டதான இருக்குது? ஏதாச்சும் கம்மியா ஆச்சா? பேசுறீங்களே, நல்லாத்தான வருது.’

இவனையும் டிவியில் கோட்டு போட்டு உட்கார வைக்கலாம்.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று போனேன். ‘என் சிரிப்பு ஊரு பூரா கேக்குதாமே, உங்களுக்கு என்னா வயித்தெரிச்சல்?’ என்றாள் மனைவி. ‘கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ஒருத்தர்தான் கேட்டுனு இருந்தீங்க. இப்பதான் நாலு பேரு கேக்குறாங்க.’

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா மேஜையில் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் தியேட்டரில் வந்த படம்.

‘புதுப்படமாச்சே, ஏதுங்க ஏட்டையா?’ என்றேன்.

‘குரூப்ல வந்துச்சு’ என்றார். மழை வந்துச்சு என்பது போலச் சொன்னார். படம் எடுத்தவன் கேட்டிருந்தால் மாரடைத்திருக்கும்.

என் வழக்கைச் சொன்னேன். எல்லாரையும் உள்ளே தள்ள வேண்டும், கடைக்காரனை முதலில் தள்ள வேண்டும் என்றேன். பாடிக் காட்டச் சொன்னார். ஸ்டேஷன் நடுவில் நின்று பாடினேன். பாதியில் அவர் விரலால் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார்.

‘பெரியவரே, இது பழைய சினிமா பாட்டு மெட்டாச்சே! எங்க அப்பா பாடுவாரு.’

‘இருக்கலாம்.’

‘மெட்டு போட்டவர்கிட்ட கேட்டீங்களா?’

‘அவரு மல்லாட்டையா விக்குறாரு? நான் மெட்டை எடுத்தேன், வார்த்தை என்னுது, வறுவல் என்னுது. இவனுங்க என் தொண்டையையே எடுத்துட்டானுங்க. ரெண்டும் ஒண்ணா?’

இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ரெண்டும் ஒன்றில்லை.

‘உள்ள தள்ளணும்னா மொதல்ல உங்களத் தள்ளிட்டுதான் அவங்களத் தள்ளணும், பரவால்லயா?’ என்று சிரித்தார். ‘ஒரு பொட்டலத்துக்காகக் கூவுறதுக்கெல்லாம் எந்த செக்ஷனைப் போடுறது? போங்க பெரியவரே.’ படத்தில் சண்டைக்காட்சி வந்துவிட்டது. அதைப் பார்க்கத் திரும்பினார்.

சட்டம் கையை விரித்துவிட்டால் படித்தவன் மேல்கோர்ட்டுக்குப் போவான். நான் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். அங்கே கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவனிடம் புதுப் பாட்டு ஒன்று பதிவு செய்தேன். அதே மெட்டு, அதே ஆரம்பம், முதல் இரண்டு வரி அப்படியே. அதைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு அப்புறம்தான் இதைச் சேர்த்தேன்:

இந்த வண்டி மல்லாட்டையை இறக்கி வெச்சு நாளாச்சு,
எம லிங்கம் தாண்டி வாங்க, என் அடுப்புல சூடாச்சு!

உடன் வந்த மனைவிக்கு நான் என்ன பாடப்போகிறேன் என்று சொல்லவில்லை. இந்த வரி வந்ததும் பழைய சிரிப்பைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். பல்செட் இந்த முறை நழுவவில்லை. அது முழுக்க என் புலமைக்கு வந்த சிரிப்பு.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே பழைய ரெக்கார்டிங் கடைக்கே போனேன். ‘பௌர்ணமிக்குப் புதுசா பாடியிருக்கேன். சத்தத்தை மட்டும் தூக்கிக் குடு. கையெடுத்துக் கும்புடுறேன், யாருக்கும் குடுத்துடாத’ என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைவிட வேகமாகச் சரக்கை ஊர் முழுக்க அனுப்ப இந்த ஊரில் லாரி கிடையாது. அவன் பாட்டைக் காதால் கேட்கிறவன் இல்லை. கம்ப்யூட்டரில் ஏறி இறங்குகிற பச்சைக் கோட்டைக் கண்ணால் பார்க்கிறவன். முதல் வரியைக் கேட்டான், ‘பழசைவிட சூப்பரு தலைவரே’ என்றான், கோட்டைத் தூக்கினான், கொடுத்தான்.

பௌர்ணமியன்று என் பெட்டியில் பழைய பாட்டையே போட்டேன். வெயில் தாழ்ந்ததும் கூட்டம் நடக்க ஆரம்பித்தது. அடுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிரே கோயில் பக்கமாக நடந்தேன். அக்கினி லிங்கத்துக்குப் பக்கத்தில் முதல் வண்டி. காதில் பஞ்சு வைத்த ஒருவன் இரண்டு கையாலும் சனங்களை ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுகிறான். அவன் பெட்டி, இந்த வண்டி மல்லாட்டையை இறக்கி வைத்து நாளாச்சு என்று என் குரலில் ஊருக்கே சொல்கிறது. ஒரு குடும்பம் நின்று கேட்டு, அவனைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அவர்கள் சிரிக்கிறார்களே என்று அவனும் சந்தோஷமாகச் சிரித்து, ஒன்றா இரண்டா என்று விரலைக் காட்டுகிறான். அடுத்த வண்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அண்ணாமலையாரைச் சுற்ற வந்த ஜனத்துக்கு நான் அடுப்புக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பைசா கூலி கொடுக்காமல்.

திரும்பி வந்தபோது என் அடுப்பைச் சுற்றி நிற்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கஃபே முதலாளி வந்தார். செருப்பில்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு.

‘ஐயா, கோயில்லேருந்து இங்க வர்ற வரைக்கும் எல்லா வண்டியும் உங்களையே கை காட்டுதுங்க. நான் வாங்கினது உங்களுது இல்லைன்னு இப்பதான் புரியுது. நாளைலேருந்து ஆளை அனுப்பட்டுமா?’

‘குரலைக் கேட்டு அனுப்பாதீங்க. ஒண்ணு உடைச்சு வாயில போட்டுட்டு அனுப்புங்க’ என்றேன். போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கேரட் இல்லாமலே.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. மனைவியும் கூடவே கிளம்பினாள். போனால் அங்கே வண்டிக்காரர்கள் நிற்கிறார்கள், காதில் பஞ்சு இல்லாமல். என் பேரில் புகார்!

‘ஏட்டையா, எங்க பெட்டியே எங்கள அசிங்கப்படுத்துது. பொழப்பு போச்சு. இந்த ஆளை உள்ள தள்ளுங்க!’ என்றான் அக்கினி லிங்கத்துக்காரன்.

‘குரல் யாருது?’

‘இவர்துதான்.’

‘உங்களுக்கு அவரு குடுத்தாரா?’

அவன் கூரையைப் பார்த்தான். ‘கடைல வாங்கினோம்.’

‘இவரைக் கேட்டா வாங்கினீங்க?’

ஒருவன் காதுப் பஞ்சைத் தேடுவது போலச் சட்டைப் பையைத் தடவினான். ஊரில் என் குரல் ஓய்ந்திருந்த ஒரே நேரம் அதுதான். நான் சும்மா இருப்பேனா? ‘ஏட்டையா, கூவுறதுக்கு செக்ஷன் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு இல்லாதது இவங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?’ என்றேன்.

சாட்சிக்காகக் கொண்டு வந்திருந்த பெட்டியை ஏட்டையா போடச் சொன்னார். தன் பெட்டி என்ன பாடுகிறது என்பதை அந்த வண்டிக்காரன் முதல் தடவையாக முழுசாகக் கேட்டான். கடைசியில் மனைவியின் சிரிப்பு வந்து ஸ்டேஷன் சுவரில் மோதியது. முதலில் ஏட்டையாவுக்குத் தோள் குலுங்கியது. அப்புறம் வண்டிக்காரர்களில் ஒருவனுக்கு. கடைசியில் புகார் கொடுத்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நாளைக்கே சொந்தக் குரலில் கூவச் சொல்லி எல்லாரையும் அனுப்பிவைத்தார் ஏட்டையா.

நாங்களும் கிளம்பினோம். ‘பெரியவரே, ஒரு நிமிஷம்’ என்று கூப்பிட்டார். போனைக் கையில் எடுத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

‘அம்மா, அந்தச் சிரிப்ப மட்டும் என் போன்ல ரிங்டோனா வெச்சுக்கட்டுமா?’

மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ‘இத்தினி பேர் எடுத்தாங்க. கேட்டது நீங்க ஒருத்தர்தான். வெச்சுக்கோங்க’ என்றாள்.

பாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்பார் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கேட்கவில்லை. ரசனை இல்லாத மனுஷன்.