பச்சைச் சட்டை ஊதாவான வாரம்

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டு முன்னறையில், காசு போட்டு விளையாடும் ஒரு வீடியோ கேம் பெட்டி நின்றது. பீரோ உயரம், உள்ளே பழைய கலர் டியூப். ஈரோட்டில் எவரோ கடையை மூடியபோது மாமா வாங்கி வந்தது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. டிவி ரிப்பேர் படித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் அவர் வயதுப் பையன்கள் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விடுவார்கள். அப்பாவே ரிக் வண்டி ஓட்டுகிறவர்தான். மழைக்காலத்தில் வேலை நிற்பதால் ஊர் வந்திருந்தவர், இந்த முறை கிளம்பும்போது மாமாவையும் கூட்டிப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை.

"ஊட்டுக்கு ஒருத்தர் போனாப் போதுங்க. அவன் இங்கயே பொழச்சுக்குவான்" என்றார் அம்மா.

முன்னறையைக் காலி செய்து அந்தப் பெட்டியை வைக்கச் சொன்னதும் அம்மாதான். பெட்டி ஓடினால் மாமா ஊரில், ஓடாவிட்டால் ரிக்கில். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும்.

வந்த சில நாட்களிலேயே படம் முழுவதும் சுருங்கி, திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது.

"என்ன மாப்ள, படம் படுத்துக்கிச்சா?" என்றார் அப்பா.

"எந்திரிச்சுருமுங்க மச்சான்" என்று மாமா பின்பலகையைக் கழற்றினார்.

பின்னால் வேலை, முன்னால் படம். அதனால் அப்பாவின் சவரக் கண்ணாடியைத் திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். மாமா பக்கவாட்டில் தலையை நீட்டி அதில் படத்தைப் பார்ப்பார். "பின்னால வந்துராத சாமி. இந்தச் செவப்பு ஒயரு, ஆஃப் பண்ணுனாக்கூட அடிக்கும்" என்பார். இன்று என் மகன் செல்போன் சார்ஜர் பக்கம் போனாலே நான் ஓடிப்போய்ப் பிடுங்குகிறேன். அன்று என்னை அங்கே நிறுத்தியது யாருக்கும் தவறாகப் படவில்லை. தவறுதானா, இல்லை நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

மாமா ஒரு மரக்குச்சியால் போர்டை அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் தட்டியதும் கோடு ஒரு நொடி விரிந்து சுருங்கியது.

"விரியுது மாமா!"

பற்றவைத்த ஈயம் அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. மறுபடி ஈயம் வைத்ததும் படம் நிமிர்ந்து நின்றது. கேமில் வரும் பச்சைச் சட்டைக்காரன் ஓடினான், குதித்தான், ஆட்களை உதைத்தான். அம்மா கற்பூரம் காட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அப்பாவின் வண்டிக்கென்று வாங்கி வைத்திருந்த சிறிய பிள்ளையாரை எடுத்து வந்தார். வண்டி குலுங்கினாலும் விழாதபடி அடியில் காந்தம் வைத்த பிள்ளையார். பெட்டியின் மரத்தில் அவர் ஒட்டவில்லை. திறந்திருந்த பின்பக்கத்தில், டியூப்பைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் இருட்டு மூலையில் டக்கென்று ஒட்டிக்கொண்டார். "பாத்தியா, அவரே எடம் புடிச்சுக்கிட்டாரு" என்றார் அம்மா. நாங்கள் இருவரும் கும்பிட்டோம். மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரையின் வலது மூலை ஊதாவாகியிருந்தது. பச்சைச் சட்டைக்காரன் அந்தப் பக்கம் ஓடினால் அவனும் ஊதாவானான். விளையாட வந்த பையன்கள் கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

"உன்ற ஆளு நோம்பிக்குச் சட்ட மாத்திட்டான் போல" என்றார் அப்பா.

மாமா போர்டில் இருந்த திருகுகளையெல்லாம் திருகிப் பார்த்தார். ஊதா அசையவில்லை. அப்பா துணிமணிகளை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, மாமா மறுபடி பின்னால் உட்கார்ந்தார். திடீரென்று ஊதா நகர்ந்து, சிறுத்தது. அவர் பெட்டியை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மறுபடி போட்டார். 'டும்' என்று உள்ளே ஒரு சத்தம்.

"பச்ச! முழுசும் பச்ச மாமா!"

கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையில் அந்தக் காந்தப் பிள்ளையார் இருந்தார். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருந்த இடத்திலேயே ஒட்டினார். இந்தப் பக்கம் மூலை மெல்ல ஊதாவாயிற்று.

"ஏன் மாமா?"

"சாமி வெச்ச எடத்துல இருக்கட்டும் கண்ணு. உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

அம்மா வந்ததும், "டியூப்பே போயிருச்சுக்கா. இனி இதுக்கு டியூப் கெடைக்காது" என்றார்.

"வேற பொட்டி பாக்கலாம்டா. வளையலத் தாரேன்."

"வேண்டாங்க்கா."

அப்பா அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை. "அப்ப வண்டியேறிக்கறயா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். மாமா தலையாட்டினார்.

எனக்கு மாமா மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. அக்கா வைத்த சாமியை நகர்த்த மனமில்லாமல் தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்தவர் என்று நம்பினேன். அதற்காகவே வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும் நாளில் ரிக் வண்டி தெருமுனையில் நின்றது. "பைப்புக்கு அடியில நிக்காத சாமி. நேரத்துக்குச் சாப்புடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா பைப்புகளின் மேல் தாவி ஏறி உட்கார்ந்தார். வண்டி பெரிய ரோட்டில் திரும்பும்போது, இரண்டு கைகளையும் தூக்கி ஓவென்று கத்திச் சிரித்தார். அத்தனை சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அழுகக் கூடாதுன்னுதாம்மா மாமா சிரிக்கறாரு" என்றேன். அம்மா, ஆமாம் என்பதுபோல் என் தலையைத் தடவினார்.

ஒருவர் வெறும் சந்தோஷத்திலும் அப்படிச் சிரிக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.