இன்ஜினியருக்குப் போர்த்திய சால்வை

மர்பி டவுன் சந்துகளில் அண்ணல் பிறந்த ஏப்ரல் பதினான்குதான் பெரிய நாள். மற்ற பண்டிகைகளெல்லாம் அதற்கு அப்புறம்தான். காலையில் நீலக் கொடி, ஊர்வலம். சாயங்காலம் மேடை போட்டு, அந்த வருஷம் படிப்பில் முன்னேறிய பிள்ளைகளுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்துவார்கள். இந்த வருஷம் அந்தப் பிள்ளை மகா.

விழா நடத்தும் சங்கத்துக்காரர்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. மகா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் பட்டமளிப்பு அங்கி போட்ட யாரோ ஒருத்தியின் உடம்பில் மகாவின் முகத்தை ஒட்டி, 'நமது பகுதியின் பொறியாளர்' என்று முச்சந்தியில் பேனர் கட்டிவிட்டார்கள்.

பொறியாளரோ ஜனவரிக்குப் பிறகு கல்லூரிப் பக்கமே போகவில்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பாள், சாயங்காலம் திரும்பிவிடுவாள். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. வகுப்பில் யாரோ பேசினார்கள், அவள் எழுதினாள், எதுவும் உள்ளே போகவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் எப்போதாவது தன்னைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது.

ஒரு தரம் மட்டும் அப்படி இல்லை. அவள் அம்மா எல்லம்மா தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவள், வார்டில் ஒரு நர்ஸ் கிழவர் ஒருவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே புண்ணுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். நேரம் போனதே தெரியவில்லை. ஆசை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து, நர்சிங்குக்காக மறுபடியும் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். தேர்வு ஏப்ரல் விழா நடக்கும் அதே வாரத்தில்தான்.

சிக்கல் கல்லூரி அலுவலகத்தில் இருந்தது. அசல் மார்க்ஸ் கார்டும் டி.சி.யும் அவர்களிடம். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம். அவை இல்லாமல் வேறெங்கும் சேர முடியாது. அப்பா இளங்கோவன் குடிநீர் வாரியத்தில் வால்வ்மேன். எந்தத் தெருவில் வால்வைத் திறந்தாலும், தண்ணீரோடு சேர்த்து 'எம் பொண்ணு இன்ஜினியர்' என்ற சேதியையும் வீட்டுக்கு வீடு விட்டுக்கொண்டிருந்த மனுஷர். அவரிடம் எந்த வாயால் சொல்வது?

மேடையில் சங்கத் தலைவர் நாகேஷ் பேட்டாவை அவள் தலையில் வைத்தார். அது பெரிய ஆண் தலைக்குச் செய்தது, புருவம்வரை இறங்கியது. தோளில் சால்வை விழுந்தது, படம் எடுத்தார்கள்.

"இன்ஜினியர் மேடம், சின்னப் பசங்களுக்கு நாலு வார்த்த சொல்லும்மா," என்று மைக்கைக் கொடுத்தார்.

மகா எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. பயம்கூட வரவில்லை. அதுதான் வசதியாகப் போயிற்று.

"ஜெய்பீம். நான் இன்ஜினியரிங் விட்டுட்டேன். ஜனவரிலேர்ந்து காலேஜுக்குப் போகல. நர்சிங்குக்கு மறுபடி எக்ஸாம் எழுதப்போறேன்."

கூட்டம் பலமாகக் கைதட்டியது. பாதிப் பேர் பிரியாணி வரிசையில் இருந்தார்கள், மைக்கில் யார் பேசி முடித்தாலும் தட்டுவது வழக்கம். நாகேஷும் தட்ட ஆரம்பித்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டார். முன்வரிசையில் இளங்கோவன் மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வெடித்தார். "ஊருக்கே மைக் போட்டு சொல்ற! எங்கிட்ட சொல்ல வாயில்லயா உனுக்கு?"

"சொல்லிருந்தா நீ கேட்டிருக்க மாட்டப்பா."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேட்டிருக்க மாட்டேன்தான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எல்லம்மா விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப எல்லம்மா புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே வைராக்கியம்தான்: மகள் ஆஸ்பத்திரி வேலைக்கு வரக்கூடாது.

"நீயும் திட்டிடும்மா," என்றாள் மகா.

"நான் பெட்பேன் கழுவுற எடத்துக்கே நீயும் வந்து நிக்கணுமா?"

"தெரியலம்மா. அங்க நின்னப்ப மட்டும் நான் உயிரோட இருக்குற மாதிரி இருந்துச்சு."

எல்லம்மா ஊக்கைக் குத்தி முடித்தாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். திரும்பாமலே பேசினாள்.

"எங்க வார்டு நர்சுங்க எல்லாம் உன் வயசுதான். நல்ல பொண்ணுங்கதான், கொற சொல்லல. ஆனா இத்தினி வருஷத்துல ஒருத்திகூட எம்பேரு கேட்டதில்ல. ஆயா, அத எடு. ஆயா, இத தொடச்சிடு. அவ்ளோதான். நீ போற எடத்துல ஆயாவ பேர் சொல்லிக் கூப்பிடுவியா? கூப்பிடுவன்னா சொல்லு, உங்கப்பன நான் கூட்டிகினு வரேன் கையெழுத்துக்கு."

"கூப்பிடுவேன்மா."

"சும்மா சொல்லாத. கூப்பிடு, பாப்போம்."

பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பாவும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லம்மா," என்றாள்.

எல்லம்மா திரும்பினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வார்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றாள்.

"சொல்லுங்க சிஸ்டர்."