நூற்றெட்டில் நிரம்பும் தொட்டி

எங்கள் வீடு கோட்டை மதிலுக்குள் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. கொல்லையில் கிணறு, அதன் பக்கத்தில் மோட்டார், மாடியில் எழுநூற்றைம்பது லிட்டர் தொட்டி. சமையலறைக் கதவிலிருந்து மோட்டாருக்குப் பதினேழு அடி. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு காயத்ரி ஜபத்துக்கு உட்காருவேன். விரல் கணுக்களில் எண்ணி நூற்றெட்டு முடியும்போது தொட்டி நிரம்பியிருக்கும். எழுந்து போய் நிறுத்துவேன். ஓய்வு பெற்ற பதினான்கு வருடங்களாக இதுதான் முறை. கர்க்கடக மாத மழையில் கிணறு உயர்ந்துவிட்டால் நூறிலேயே தொட்டி வழியத் தொடங்கும். மீன மாத வெயிலில் நூற்றுப் பதினைந்து ஆகும்.

"மழைக்காலத்துல பகவானுக்கு எட்டு குறையறதோ?" என்பாள் என் மனைவி.

"குறைக்கறதில்லை. தண்ணிதான் வழியும்."

"அப்போ ஜபம் டாங்குக்கு இல்லைங்கறேள். சந்தோஷம்."

போன மீனத்தில் ஒரு நாள் எண்ணிக்கை தப்பியது. எழுபதா எண்பதா என்று தடுமாறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். நடுவில் கண் அயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "உங்காத்து மாடிலேந்து அருவி கொட்டறது மாமா, அருவி பாக்க இனிமே பொன்முடிக்குப் போகவே வேண்டாம்" என்று கத்தியபோதுதான் எழுந்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இதை யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அடுத்த வாரம் அவள் ஏற்பாட்டில் சாலைக் கடைத்தெருவிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். நாகர்கோவில்காரர். சுவரில் இருந்த பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்.

"இனி சாமி அங்கோட்டு போகவே வேண்டாம், கேட்டேளா. போன்ல தொட்டா மதி, அது போதும்."

தொட்டேன். மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பியதும் தானாகவே நின்றது. பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டி ஒரு முறை ஓயும். எதற்கு மூன்று என்று எலக்ட்ரீஷியனுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் தலைவலியால் தாமதமாக எழுந்தேன். மோட்டாரைப் போட்ட இரண்டாம் நிமிடம் மகள் கூப்பிட்டாள்.

"என்னப்பா, இன்னிக்கு ஏழே காலுக்குத்தான் மோட்டார் போட்டிருக்கேள்? உடம்புக்கு என்ன?"

நான் எழுந்த நேரம் பெட்டி வழியாகப் பெங்களூருக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எந்த ஊருக்கெல்லாம் தெரியும் என்று யோசித்துக்கொண்டே அன்று காபி குடித்தேன்.

பிறகு ஒரு காலை இன்டர்நெட் போயிற்று. போனைத் தொட்டேன், 'இணைப்பு இல்லை' என்றது. பதினொரு முறை தொட்டேன். கரன்ட் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டாரில் பழுதில்லை. போடுவதற்கு நானும் இருந்தேன். நான்கும் இருந்தும் குழாயில் சொட்டு இல்லை. கிணற்றில் இறைக்கலாம் என்றால் மேலே வலை அடித்துப் பத்து வருடம் ஆகிறது.

எலக்ட்ரீஷியன் வர மதியம் ஆயிற்று. அவரிடம் கேட்டேன். "நான் இங்கே தொடறேன், பெட்டி அங்கே இருக்கு. நடுவுல என்ன கோளாறு?"

"நடுவுல இல்ல சாமி. நீங்க தொட்டது முதல்ல கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குப் போகும். அது ஏதோ வெளிநாட்டுல ஆக்கும். அங்கேர்ந்து திரும்பி வந்துதான் இந்தப் பெட்டி கேக்கும்."

பதினேழு அடி போவதற்குக் கடல் தாண்டி வருகிறது! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், எத்தனை மைல் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது. அவருக்கு அதுவும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு முனைகள் ஒயர் இல்லாமல் சும்மா இருந்தன.

"இது என்ன?"

அவர் சற்றுத் தயங்கினார். "கை ஸ்விட்சுக்கு உள்ளது. உங்க மோள்தான் கொடுக்க வேண்டாம்னு சொல்லிச்சு."

அன்றே மகளைக் கூப்பிட்டேன். "கம்பெனிக்காரன் யாருன்னே தெரியாது. அவனை நம்பறே. என்னை நம்ப மாட்டேங்கறே."

"அப்பா, அன்னிக்கு நீங்க தூங்கிப்போனேளா, மயக்கம் போட்டேளா, யாருக்குத் தெரியும்? அம்மா தோட்டத்துப் பக்கமே வரலை. மோட்டார் ஓடின சத்தத்தை நான் இங்கேர்ந்து கேக்க முடியுமா?"

அது தூக்கம்தான் என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதுவரை அவளிடம் சொன்னதும் இல்லை. அன்று சொன்னேன்.

"டாக்டர்கிட்ட போறேளா?"

"போறேன். நீ ஸ்விட்சைக் குடுக்கச் சொல்லு."

டாக்டர் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் பாதியாக்கினார். எலக்ட்ரீஷியன் அந்த இரண்டு முனைகளுக்கும் ஒயர் கொடுத்து, பழைய இடத்துக்கு ஒரு ஜாண் கீழே கறுப்பு ஸ்விட்ச் வைத்தார். போடுவது என் கை. நிரம்பியதும் நிறுத்துவது பெட்டி. மோட்டார் ஓடிய சேதி மகளுக்கும் போகும். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்டர்நெட் கம்பியை நானே பிடுங்கி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது.

மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டு உட்கார்ந்தேன். நூற்று நான்கில் மோட்டார் தானாக நின்றது. கிணறு ஏறியிருக்கிறதா, நான் எண்ணியதில் நான்கு விட்டுப்போயிற்றா என்று ஒரு கணம் யோசனை ஓடியது. போனில் பார்த்தால் நிமிடமும் நொடியும் இருக்கும். எடுக்கவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நின்னுடுத்தே, இன்னும் என்ன உக்காந்திருக்கேள்?"

ஜபத்தின் நடுவில் பேசக்கூடாது. நான்கு விரல்களைக் காட்டினேன்.