கவை மாற்றிய மோட்டார் சைக்கிள்

சின்னம்மாவின் வளவுக்குள் ஓலைக் கொட்டில் ஒன்றில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. முன்சில்லைக் கழற்றி, மூக்கை ஒரு மரக்குற்றியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சித்தப்பா தெருவேலை பார்க்கும் ஓவசியர். ஒருநாள் மதகில் மோதியதில் முன்சில்லைத் தாங்கும் இரும்புக் கவை கோணிவிட்டது. அதைத் தானே திருத்துவதாகச் சொல்லிப் பெரிய சாவியைப் போட்டு முறுக்கினாராம். கவையைக் கழுத்தோடு பிணைக்கும் போல்ட்டின் புரியும், அது இறங்கும் துளையின் புரியும் முழுவதும் தேய்ந்து வழுகிப்போனதுதான் மிச்சம். “வந்து பாப்பம்” என்று சொல்லிவிட்டு, பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனவர் அவர்.

உலக யுத்தம் முடிந்தது. கல்குடாப் பக்கம் கூடாரம் அடித்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மூட்டை கட்டினார்கள். எங்கள் வாழைச்சேனையிலிருந்து போனவர்களில் ஒருவர் தோல்பெட்டியோடும் இன்னொருவர் நொண்டிக் காலோடும் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா மட்டும் வரவில்லை. சின்னம்மா வந்தால் பெரியவர்கள் கதையை மாற்றுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தூரமாய்ப் போனவர் பிந்தித்தானே வரவேண்டும் என்பது என் கணக்கு.

அப்பாதான் முதலில் பேச்சை எடுத்தார். “துருப்பிடிச்சு மண்ணாப் போகுது, பிள்ள. ஏறாவூர் யாவாரி ஒராள் கேக்கிறார். குடுத்திடுவம்.”

“குடுப்பம் அத்தான். திருத்திப்போட்டுக் குடுப்பம்” என்றாள் சின்னம்மா.

நல்ல விலைக்குப் போகவேண்டும் என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து, அப்பா அவளுடைய புத்தியை அம்மாவிடம் மெச்சிக்கொண்டார்.

அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சின்னம்மாவோடு புறப்பட்டோம். சைக்கிள் சரியாமல் பிடித்துக்கொள்ள என்னையும் ஏற்றினார்கள். ரயிலுக்கும் தெருவுக்கும் ஒன்றேயான இரும்புப் பாலத்தில் ரயில் போகும்வரை காத்திருந்து, வாவியைத் தாண்டி ஓட்டமாவடிக்குப் போனோம். அரிசி ஆலைக்குப் பின்னால் கடைசல் இயந்திரம் வைத்து இரும்புவேலை செய்த, எல்லோரும் பாஸ் என்று கூப்பிடும் ஒருவரிடம் மோட்டார் சைக்கிளை இறக்கினோம். அவர் குந்தியிருந்து போல்ட்டைப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! இத முறுக்கின ஆரு? புரியெல்லாம் தின்னுபோய்க் கிடக்கு.”

“அவர்தான். அவருக்கு எதிலயும் அவசரம்” என்று சொன்ன சின்னம்மா சிரித்துவிட்டாள். அவள் வாயில் சித்தப்பாவின் பேச்சு வந்து வெகுகாலமாகியிருந்தது.

கோணிய கவையை நிமிர்த்தினால் வெடித்துவிடும் என்றார் பாஸ். அதே சாதி மோட்டார் சைக்கிள் ஒன்று, எஞ்சின் செத்து, கதிரவெளிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கிடப்பதாகவும் சொன்னார். வீட்டைவிட்டு அதிகம் வெளிக்கிடாத சின்னம்மா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துரையிடம் நேரே போய்க் கேட்டாள். திரும்பி வரும்போது சாக்கில் சுற்றிய கவை அவள் மடியில் இருந்தது. சட்டையெல்லாம் கரி.

கவை பொருந்தியது. ஆனால் கழுத்துத் துளையில் புரி இல்லாமல் எந்தப் போல்ட்டும் நிற்காது. பாஸ் துளையைப் பெரிதாக்கி, உள்ளும் புறமும் புரி வெட்டிய பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை அதற்குள் இறக்கினார். இறுக்கும்போது அது பிளந்துவிட்டது. அவர் கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

“இது சரிவராது தங்கச்சி. ஓடக்க கழண்டா ஆள் தப்பாது.”

“இன்னொருக்காப் பாருங்க பாஸ்” என்றாள் சின்னம்மா. கெஞ்சவில்லை. கவிழ்த்துப்போட்ட எண்ணெய்த் தகரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் எழும்பமாட்டாள் என்று பாஸுக்கு விளங்கியிருக்க வேண்டும். உடைந்த படகு எஞ்சின் ஒன்றிலிருந்து வெண்கலத் துண்டொன்றைத் தேடி எடுத்து, மறுபடி கடையத் தொடங்கினார்.

இந்தமுறை பிளக்கவில்லை. “புடிச்சுப் பாருங்க” என்று புதுப் போல்ட்டை அவள் கையில் கொடுத்தார். சின்னம்மா விரலாலேயே அதைத் திருகினாள். ஓரிடத்திலும் சிக்காமல் அடிவரைக்கும் போனது. “கையாலயே போகுது” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறது, சத்தம் கூட, அதையும் அடைத்துத் தரவா என்று பாஸ் கேட்டார்.

“வேணாம். அது அப்படியே இரிக்கட்டும்.”

பிறகு சின்னம்மா அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். நாங்கள் முதலில் மாட்டுவண்டியில் வீட்டுக்குப் போய்விடுவோம், பொழுதுபடும் நேரத்தில் அவர் ஸ்டேசன் பக்கத்தால் சுற்றிக்கொண்டு வீட்டு வாசல் படலைக்கு அதை ஓட்டிவரவேண்டும். சரி என்றார் பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா தலைமுழுகிப் புதுச்சேலை உடுத்தாள். உலையை வைத்துவிட்டுக் குசினியிலேயே நின்றாள். நான் படலைக்கும் குசினிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஸ்டேசன் பக்கம், சித்தப்பா வேலைவிட்டு வரும் வழியில், வெடிபோல ஒரு சத்தம் கிளம்பியது. வரவரப் பெருத்தது. முடக்கில் ஒருமுறை தணிந்து, திரும்பவும் எழுந்தது. அகப்பைக் கையோடு அசையாமல் நின்ற சின்னம்மா, “வாறார்” என்றாள்.

“அது பாஸ், சின்னம்மா” என்று நான் திருத்தினேன்.

“ஓம் மகள். பாஸ்தான்.”

சத்தம் படலையடியில் நின்று ஓயும்வரை அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் அவளே அப்பாவிடம் சொல்லியனுப்பினாள், யாவாரியை வரச்சொல்லி. யாவாரி அதில் ஏறி ஓட்டிக்கொண்டு போனபோது அவள் வளவுக்குள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமையே ஐயரை அழைத்து, எவ்வளவோ காலமாகத் தள்ளிப்போட்டு வந்த சித்தப்பாவின் கிரியைகளைச் செய்தார்கள். வீடு நிறையச் சனம். சின்னம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

எனக்கோ மோட்டார் சைக்கிள் போன கோபம் ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் திருத்தியதை யாராவது விற்பார்களா? எல்லோரும் கேட்கத்தக்கதாக, “இனிச் சித்தப்பா வந்தா எதில வேலைக்குப் போவார்?” என்று கேட்டேன்.

சின்னம்மா என்னை இழுத்து மடியில் இருத்தி, என் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்குத் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்ற பெருமையோடு நான் அங்கேயே இருந்தேன்.